பறவைகளை எடுத்துக்கொண்டு போ

தெல்மா ஷிம்வெல் ஊரில் யாரோடும் சண்டை போட்டதில்லை. அந்தத் தெம்பு முழுவதையும் வில்ஃபுக்காகவே சேர்த்து வைத்திருந்தாள்.

ஷெஃபீல்டில் மூச்சு வாங்க ஏற வேண்டிய தெருக்களில் ஒன்றின் பாதியில் இருந்தது அவளுடைய முடி அலங்காரக் கடை. மேடு ஏறி வருகிறவர்கள் சற்று இளைப்பாற உட்காருவார்கள். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகக் கூச்சப்பட்டு முடியையும் வெட்டிக்கொள்வார்கள். வியாபாரம் அப்படித்தான் நடந்தது. கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தெல்மா வெட்டுவாள், இன்னொன்றில் நான். மாடியில் அவள் வீடு. பின்னால் ஒரு சிமெண்டு முற்றம். முற்றத்தின் ஒரு பக்கம் கடைத் துண்டுகள் காயும் கொடி, எதிர்ப் பக்கம் வில்ஃபின் புறாக் கூடு. சண்டைக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்த முற்றத்திலேயே கிடைத்தது.

வில்ஃப் டவுன் பஸ் ஓட்டினான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மீசை, பந்தயப் புறாக்களிடம் பேசும்போது மட்டும் கொஞ்சுகிற குரல். பல வருடங்களாக தெல்மாவோடு அந்த மாடியில்தான் இருந்தான். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. அவன் கேட்காமல் இல்லை, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கேட்டான். “பாக்கலாம்” என்பாள் தெல்மா, தலைக்குச் சாயம் போட நேரம் கேட்கிறவர்களிடம் சொல்கிற அதே குரலில்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு முன்பே ஒரு முறை கல்யாணம் ஆகியிருந்தது, கம்பளம் விற்கிற ஒருவனோடு.

“ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டான்டி நெட்டா,” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். “தங்கமான மனுஷன்னு ஊரே சொல்லுச்சு. ஒரு நாள் காலையில டீயைக் குடிச்சான், கோப்பையைக் கழுவிக் கவுத்து வச்சான், டான்காஸ்டர்ல ஒருத்தி வீட்டுக்குப் போயிட்டான். போனது கூடப் பரவாயில்ல. கழுவி வச்சுட்டுப் போனான் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல.”

அதிலிருந்து அமைதியான ஆண்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வில்ஃபை அவளுக்குப் பிடித்துப்போனதே, முதல் சந்திப்பில் பஸ்ஸுக்குள் சில்லறைக்காக அவளோடு மல்லுக்கு நின்றதால்தான்.

எங்களை ஒட்டியிருந்த கட்டடம், கத்திகளுக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்த ஒரு பட்டறை. அதை மூடிவிட்டார்கள். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எதைத்தான் மூடவில்லை. அதன் மாடி அறையை மூன்று பையன்கள் பாட்டுக் குழு நடத்த வாடகைக்கு எடுத்தார்கள். கிதார் இல்லை, மேளம் இல்லை. பெட்டி பெட்டியாக மின்சார எந்திரங்கள், அவற்றிலிருந்து தொங்கும் வயர்கள். ‘மௌன மோட்டார்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த மௌனத்தில் எங்கள் அலமாரியிலிருந்த ஷாம்பூ புட்டிகள் ஒவ்வொன்றாக விளிம்புக்கு நகர்ந்து வந்தன.

அவர்களில் பாடுகிறவன் ரஸல். மெலிந்த பையன். இறந்துபோன யாரோ பெரிய மனிதருடைய ஓவர்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிவான். வேலையில்லாப் படி வாங்க வரிசையில் நிற்கும்போதும் நாடகத்தில் நிற்கிறவன் மாதிரியே நிற்பான். எந்திரங்களைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவான். எதிர் நாற்காலியில் ஒரு பெண் சிரித்தால், உடனே தலை காயவைக்கும் எந்திரத்தை ஆராயத் தொடங்கிவிடுவான். காதலி என்று ஒருத்தி அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை. இது ஒன்றும் ரகசியமில்லை. அவனுடைய அம்மாவே எங்கள் கடையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ள வந்தான். தெல்மா இடப் பக்கத்தை முடித்துவிட்டு வலப் பக்கத்துக்கு வந்தபோது, பின் ஜன்னல் வழியே எதையோ பார்த்தாள். கத்தரிக்கோலோடு முற்றத்துக்கு ஓடினாள். கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டுகளின் மேல் புறாக்கள் தங்கள் வேலையைக் காட்டியிருந்தன. வில்ஃபைத் திட்டி முடித்துவிட்டு அவள் திரும்பி வர நேரமாயிற்று. அதற்குள் ரஸல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டு, மறு பக்கம் கண்ணை மறைக்கும் கற்றை.

“இப்படியே விட்டுடுங்க தெல்மாக்கா,” என்றான்.

“பைத்தியமாடா உனக்கு? பாதி வேலைக்கு நான் எப்படிடா காசு வாங்குவேன்?”

“இல்லக்கா, நல்லா இருக்கு. எனக்கு ஏதோ நடந்திருக்கிற மாதிரி இருக்கு.”

அடுத்த வருடம் ஊர் முழுக்க வாலிபர்கள் அந்தப் பாதி முடியோடு அலைந்தார்கள்.

அன்று சாயங்காலம் கடையை மூடிய பிறகு மாடியில் சண்டை தொடர்ந்தது. நான் கீழே தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒளிந்து கேட்கவெல்லாம் வேண்டியதில்லை. தெருமுனையில் நின்றாலே கேட்கும்.

“யோவ், வெள்ளைத் துண்டெல்லாம் போச்சு! கழுவக் கழுவக் கறை போகல. இதையா நான் ஊர்ப் பெரிய மனுஷிங்க தலையில சுத்துறது?”

“ஒரு பொட்டுதானே தெல்மா.”

“பொட்டா? உலகப் படமே வரைஞ்சு வச்சிருக்கு!”

“களைப்பும்மா. பந்தயத்துக்குப் பிரான்சுலருந்து பறந்து வருது, பாவம்.”

“பிரான்சுலயே இருக்கச் சொல்லு! நீயும் போ. உன் பறவைங்களையும் எடுத்துக்கிட்டுப் போ!”

“சரி, போறேன். ராத்திரிக்கு என்ன?”

“ஈரல் வறுவல்.”

“சாப்பிட்டுட்டுப் போறேன்.”

சாப்பிட்டான். எங்கும் போகவில்லை. இப்படித்தான் வாராவாரம்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலைப்பொழுது, கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. டுப், டுப் என்று எந்திரத் தாளம். அதன் மேல் பனிக்கட்டி உடைவது போல ஒரு மெட்டு. பிறகு, குளிரில் நனைந்தவன் போல ஒரு குரல் பாடியது. தூர தேசத்திலிருந்து களைத்து வந்தாயாம். வெள்ளைத் துணியில் நீ விட்ட கறை, எத்தனை கழுவியும் போகவில்லையாம். அப்புறம் எல்லாரும் சேர்ந்து, “பறவைகளை எடுத்துக்கொண்டு போ, போ, போ.”

தெல்மாவின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

“நெட்டா,” என்றாள். “என் துண்டு ரேடியோவுல வருதுடி.”

நாற்காலியில் இருந்தவளை ஈரத் தலையோடு விட்டுவிட்டு, அவள் பக்கத்துப் பட்டறைக்குப் படியேறினாள். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான். ரஸல் வயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பீன்ஸைத் தகர டப்பாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் முகம் வெளுத்தது.

“சுவரு ரொம்ப மெலிசுக்கா,” என்றான். “எனக்குன்னு சொல்லிக்க ஒரு சண்டை இல்ல. உங்களுது தினம் காதுல விழுந்துச்சு. மன்னிச்சிருங்க.”

“கேட்டதைப் பத்தி யாருடா பேசினா? நான் எப்போடா ஜன்னல்கிட்ட நின்னு அழுதேன்?”

பாட்டின் கடைசியில் களைத்து வந்தவன் மழையில் போய்விடுகிறான். துரத்தியவள் ஜன்னலில் நின்று அழுகிறாள். தெல்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“அது... சோகமா முடிஞ்சாத்தான்க்கா எடுபடும்.”

“அவன் போகலடா! உக்காந்து ஈரல் தின்னான். ஈரல் எங்க? ஈரலை ஏன் விட்டுட்ட?”

“ஈரல் மெட்டுல உக்காரலக்கா,” என்றான் ரஸல், உண்மையான வருத்தத்தோடு.

கீழே இறங்கும்போது தெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வில்ஃப் காதுக்கு இது போகக் கூடாது. புரியுதா? தெரிஞ்சா மனசு விட்டுடுவான்.”

பாட்டு விற்பனைப் பட்டியலில் மளமளவென்று மேலே ஏறியது. ஒரு வியாழக்கிழமை டெலிவிஷனில் ரஸல் பாதி முடியோடு, சிரிக்காமல், ஓவர்கோட்டைக் கழற்றாமல் பாடினான். அவனுடைய அம்மா எங்கள் கடைக்கு வந்து ஓசியில் சுருள் போட்டுக்கொண்டு போனாள். பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பறவைகள் என்பவை உழைக்கும் ஆணின் விடுதலை ஏக்கமாம். அந்தக் கறை அணுகுண்டுச் சாம்பல் என்று ஒரு லண்டன் பத்திரிகை கண்டுபிடித்தது. அதை நான் சத்தமாகப் படித்தபோது, தெல்மா கறை போக்கும் உப்பில் துண்டுகளை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். இறைச்சிக் கடைக்காரன் ஈரலைப் பொட்டலம் கட்டும்போதே அந்த மெட்டை முணுமுணுப்பான். தெரியாத ஒரே ஆள் வில்ஃப். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவனுக்கு அந்தப் பாட்டு உயிர். பஸ்ஸை மேட்டில் ஏற்றும்போது சீட்டியடிப்பான். இறக்கத்தில் பயணிகளும் சேர்ந்துகொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று பேரும் மாடியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. வில்ஃப் முள்கரண்டியால் மேஜையில் தாளம் போட்டான். பாட்டு முடிந்ததும் பெருமூச்சு விட்டான்.

“பாவம்பா அந்த ஆளு,” என்றான். “அவ்வளவு தூரத்துலருந்து களைச்சு வர்றான். ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேட்டாளா? துணியில கறையாம், வெளிய போன்னு சொல்றாளாம். இப்படி ஒருத்தியோட எவன் குப்பை கொட்டுவான்?”

தெல்மா மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தாள். மீனில் முள்ளே இல்லை.

“எனக்கு வாய்ச்ச மாதிரி ஒருத்தி அவனுக்கு வாய்ச்சிருக்கணும்,” என்றான் வில்ஃப், அவள் கையைத் தட்டிக்கொடுத்து. “நீயும் கத்துவேதான். ஆனா இந்தப் பொம்பளை மாதிரி கல்நெஞ்சு கிடையாது.”

“அந்தப் பொம்பளை நான்தான்யா, மண்டு!” என்று தெல்மா வெடித்தாள். “அந்தத் துணி என் துண்டு! அந்த ஆளு களைச்சு வந்த ஆளே இல்ல, உன் புறா!”

வில்ஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தான். ஏதோ பெரியதாக வரப்போகிறது என்று நான் என் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

“அப்போ,” என்றான் மெதுவாக, “பறவைங்கன்னு பாடுறது... நம்ம பறவைங்களையா?”

“ஆமா.”

“நாடு பூராவுமா?”

“ஜெர்மனியிலயும் போடுறாங்களாம்.”

அவன் காலுறையோடு முற்றத்துக்கு இறங்கிப் போனான். கூட்டின் கதவைத் திறந்து புறாக்களிடம் செய்தி சொல்வது மாடியிலிருந்த எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தனித்தனியாகச் சொன்னான்.

பெருமை ஒரு வாரம் இருந்தது. அதன் பிறகுதான் அவனுக்கு யோசனை வந்தது. பக்கத்துச் சுவரைப் பார்ப்பான், வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான். தான் சொல்லும் எதுவும் ஜெர்மனி வரைக்கும் போய்விடும் என்ற பயம். உப்பு எடு என்பதைக்கூட ஜாடையில் கேட்டான். புறாக்களை மேட்டு உச்சியில் ஒரு சிநேகிதனுடைய காய்கறித் தோட்டத்துக்கு மாற்றிவிட்டான். துண்டுகள் பளிச்சென்று காய்ந்தன. தெல்மா என்ன சொன்னாலும், “சரிம்மா, நீ சொன்னாச் சரி,” என்றான், வியாதிக்காரர் வீட்டில் பேசுகிற குரலில்.

வாடிக்கையாளர்கள் தெல்மாவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவள் முகம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தப் புத்தாண்டு பிறந்தது. வில்ஃப் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, கடையைத் திறந்துவிட்டு உள்ளே போனேன். தெல்மா இருட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“கோப்பையைக் கழுவி வச்சுட்டு வேலைக்குப் போயிருக்கான்டி,” என்றாள்.

“நல்லதுதானே?”

“கவுத்து வேற வச்சிருக்கான்.”

டீ போட்டுக் கொடுத்தேன். அன்று முழுவதும் அவள் வாசலில் பஸ் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்தாள்.

ரஸலும் அதே மாதத்தில் வந்தான். லண்டன் கம்பெனி இரண்டாவது பாட்டு கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தது. புதுக் கோட்டு, பழைய முகம்.

“நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களாக்கா?”

“நல்லா இருக்கோம்.”

“ஐயோ,” என்றான்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, கூச்சத்தில் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு, விஷயத்துக்கு வந்தான். சுவரில் டம்ளரை வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்தானாம். ஒன்றும் வரவில்லையாம். அவர்களுக்குத் தொந்தரவில்லை என்றால், முடிந்தபோது, சின்னதாக ஒரு சண்டை... அவனுக்காக...

துரத்தியடிப்பாள் என்று நினைத்தேன். தெல்மா யோசித்தாள். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் சுவரோரமா உக்காரு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஸல் சுவருக்கு அந்தப் பக்கம் பேனாவோடு தயாராக உட்கார்ந்தான். இந்தப் பக்கம், மாடிக் கூடத்தில், வில்ஃப் நல்ல சட்டை போட்டு நின்றான். எனக்குச் சோபாவில் இடம்.

“ஆரம்பி,” என்றாள் தெல்மா.

வில்ஃப் தொண்டையைச் செருமினான். “இந்த டீ ஆறிப்போச்சு. எனக்குக் கோபம் வருது.”

“சத்தமா. சுவருக்குக் கேக்க வேணாமா?”

“டீ ஆறிப்போச்சு!”

“ஆறினா என்ன? குடி!”

“சரி, குடிக்கிறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

“யோவ், ஒரு சண்டை போடத் துப்பில்லையா உனக்கு? முன்னெல்லாம் எப்படிப் பேசுவ! இப்போ வாயில என்ன, ஈரல் இருக்கா?”

“என்ன பேசச் சொல்ற? நீதான் எல்லாத்துக்கும் கோவிச்சுக்கிற.”

“எல்லாத்துக்கும்னா? எதுக்கு? சொல்லு!”

“நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் கிடையாது!” வில்ஃபின் குரல் திடீரென்று பஸ் டிப்போ அளவுக்கு உயர்ந்தது. “வருஷா வருஷம் கேக்குறேன். பாக்கலாம், பாக்கலாம். நான் என்ன சாயம் போட வந்தவனா? வாசல் மணியில உன் பேரு மட்டும்தான் இருக்கு. தபால்காரன் என்னை விருந்தாளின்னு நினைக்கிறான்!”

“இந்த வருஷம் நீ கேக்கவே இல்லையே!”

“கேட்டா அவன் பாட்டா எழுதிடுவான்! நீ பாக்கலாம்னு சொன்னதை ஊரே பாடும். அந்த அசிங்கம் எனக்கு வேணுமா?”

“கோப்பையை ஏன் கழுவின?”

“என்ன?”

“கோப்பையை. ஏன் கழுவிக் கவுத்து வச்ச?”

“அழுக்கா இருந்துச்சு, கழுவினேன்! வாயை மூடிக்கிட்டே இருக்கேன், கைக்காவது ஒரு வேலை வேணாமா?”

தெல்மா நின்ற இடத்திலேயே சோபாவின் கையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அவள் பேசி நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னாள்: “நீ போயிடுவியோன்னு நினைச்சேன், வில்ஃப்.”

அவனுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. கம்பளக்காரன் கதை அவனுக்கும் தெரியும். புரிந்தபோது அந்தப் பெரிய உடம்போடு அவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

“எங்க போவேன்? எனக்குத் தெரிஞ்ச ரூட்டே ஒண்ணுதான்.”

“அப்போ கேளு.”

“இப்பவா? நெட்டா இருக்காளே.”

“அவ என்ன, புதுசா? கேளுய்யா.”

அவன் அவள் காதில் கேட்டான். அவளும் அவன் காதில் பதில் சொன்னாள். வில்ஃபின் மீசை நடுங்கியதைப் பார்த்து, பதில் “பாக்கலாம்” இல்லை என்று நான் தெரிந்துகொண்டேன்.

டொக் டொக் என்று சுவர் தட்டப்பட்டது. “தெல்மாக்கா! கடைசி ரெண்டு வரி கேக்கல. திரும்பச் சொல்ல முடியுமா?”

தெல்மா செருப்பைக் கழற்றிச் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். “அது உனக்கில்லடா!”

ரஸல் தனக்குக் கேட்டதை வைத்து ஒரு பாட்டு எழுதினான். ஆறிப்போன டீ, கழுவிய கோப்பை. கோடையில் வெளிவந்தது. கேட்டவர்கள் நல்ல பாட்டு என்றார்கள், யாரும் வாங்கவில்லை. எழுந்து ஆட அதில் ஒன்றுமில்லை. பிறகு அவனுக்கே லீட்ஸில் ஒரு காதலி கிடைத்தாள். கோபம் வந்தால் எந்திரத்தை மாடிப்படியில் உருட்டிவிடுகிற ரகம். சண்டை போடவே நேரம் சரியாக இருந்ததால் அவனால் பாட்டு எழுத முடியவில்லை. அந்தக் குழு கலைந்தது. இன்று அவன் கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறான். அந்தக் காதலியையே கட்டிக்கொண்டான். தலையில் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.

தெல்மாவும் வில்ஃபும் அந்த ஏப்ரலிலேயே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். வாசல் படியில் நின்று படம் எடுக்கும்போது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஜோடி காத்திருந்து காத்திருந்து, பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போயிற்று. எல்லாப் படங்களிலும் தெல்மாவின் வாய் திறந்தே இருக்கிறது.

தேனிலவுக்கு பிரிட்லிங்டன் கடற்கரைக்குப் போனார்கள். அங்கிருந்து கடைக்கு ஒரு தபால் அட்டை வந்தது. தெல்மா எழுதியிருந்தாள்: “ஓயாத மழை. அறை பரவாயில்லை. இவன் ஒரு தொப்பி வாங்கியிருக்கிறான். பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்குக் கடலில் போட்டுவிடுவேன்.” அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரமாக மடங்கிப் போகும் எழுத்தில் வில்ஃப்: “நல்ல தொப்பி.”

அதை நான் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தேன். அந்த வாரம் வந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தொப்பியின் பக்கம் பேசினார்கள்.